நெல்லுச் சோறும் நெல்லைச் சீமையின் இடுப்பளவும்

திருநெல்வேலியில் ஒருவருக்குத் தொப்பை விழுந்தால் ஊரார் முதலில் பழி போடுவது அல்வாவின் மேல்தான். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் அந்தி சாயும் நேரத்தில் திறக்கும் இருட்டுக்கடை ஊர் முழுக்கத் தெரிந்த அடையாளம். ரயில் சந்திப்புப் பக்கம் போனால் அல்வாக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி இறக்கும் பண்டம் அது. குற்றம் சொல்ல வசதியானதுதான். ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. வடக்கிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பங்களின் கைவண்ணமாக அல்வா இந்த ஊரில் வேரூன்றி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அது வந்த பிறகும் இரண்டு மூன்று தலைமுறை இந்த ஆற்றங்கரை மக்கள் பெரும்பாலும் ஒல்லியாகவே இருந்தார்கள். பருத்த உடம்பு தெருவுக்குத் தெரு கண்ணில் படுவது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாகத்தான். அப்படியானால் இடையில் மாறியது எது?

ஆற்றிலிருந்தே தொடங்க வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என ஏழு அணைக்கட்டுகள் பழையவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870-களில் வெள்ளையர் ஆட்சியில் முடிந்தது. கார், பிசானம் என்று இருபோகம். சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக நெல் விளையும் மண் இது. ஆனால் அந்த மண்ணில் எல்லோரும் நெல்லுச் சோறு சாப்பிட்டதில்லை.

நெல்லைச் சீமையின் உழவர் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் லட்டன், இந்த நிலப்பரப்பை ஆற்றுப்பாசன நன்செய், குளத்தையும் கிணற்றையும் நம்பிய கலப்பு நிலம், மழையை மட்டும் நம்பிய புன்செய் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். இந்தப் பிரிவு சாப்பாட்டு இலையிலும் இருந்தது. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி போன்ற ஆற்றங்கரை ஊர்களில் நிலம் பிராமண, வேளாள மிராசுதாரர்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் வேறு சாதியினர். கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அது வீட்டு உரலில் குத்துப்பட்டு, தவிட்டோடு சோறாகி, மிஞ்சியது மறுநாள் பழைய சோறும் நீச்சத்தண்ணியுமாகும். வடக்கே கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் கம்பும் சோளமும் வரகும் சாமையும் குதிரைவாலியும்தான் அன்றாடம். அங்கே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் வடித்ததுதான் நெல்லுச் சோறு. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

தெற்கே தேரி மணல் பூமியின் கதை இன்னும் முக்கியமானது. 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த மிஷனரி கால்டுவெல், பனையேறிகளைப் பற்றி 1849-இல் ஒரு சிறுநூல் எழுதினார். பனைப் பருவத்தில் ஓர் ஆள் முப்பது முதல் ஐம்பது மரம் வரை, காலையும் மாலையும் ஏறி இறங்குவார். ஒரு மரம் சராசரியாகப் பதினைந்து மீட்டர் உயரம் என்று வைத்தால், ஐம்பது மரத்தை இரண்டு வேளை ஏற 1,500 மீட்டர் ஆகிறது. அகத்திய மலையின் உச்சியே கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர்தான். இந்த மனிதர்கள் பருவம் முழுக்க அப்படி ஏறினார்கள். அவர்களுடைய காலை ஆகாரம் பதநீர், கையில் கடித்துக்கொள்ளக் கருப்பட்டி. இரண்டுமே பெரும்பாலும் சர்க்கரை. இன்றைய உணவு ஆலோசகர் கையில் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் பதறிப்போவார். ஆனாலும் பனையேறியின் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இனிப்பு மட்டுமே உடலைப் பெருக்க வைக்காது என்பதற்குத் தேரிக்காட்டைவிட நல்ல சாட்சி வேறில்லை.

பருத்த உடம்பு அன்று அறவே இல்லாமல் இல்லை. இருந்த இடம் குறுகலானது. வயலில் இறங்காமல் விளைச்சலை மட்டும் பெற்ற வீடுகளில் அது இருந்தது; அங்கே அதற்கு மதிப்பும் இருந்தது. தாட்டியமான உடம்பு வசதியின் அடையாளம். மெலிந்திருப்பவரைப் பார்த்து, வீட்டில் ஏதும் கஷ்டமா என்று பக்குவமாக விசாரிக்கும் வழக்கம் இன்றும் நெல்லைக் கிராமங்களில் விட்டுப்போகவில்லை. பஞ்சத்தைப் பார்த்த சமூகம் கொழுப்பைச் சேமிப்பாகத்தான் பார்க்கும்.

மருத்துவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. அளவுக்கு மீறிப் பருத்தவரையும் அளவுக்கு மீறி மெலிந்தவரையும் நிந்திக்கத்தக்க எட்டு உடல்களில் சேர்த்த சரக சம்ஹிதை, பருமனின் துன்பம் மெலிவைவிடப் பெரிது என்றது. சித்த மருத்துவம் இதை அதிதூலம் என்று நோயாகவே பேசுகிறது. முன்பு உண்டது செரித்த பிறகு உண்ண வேண்டும் என்பதைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் மருந்துக்கும் மேலாக வைத்தது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழியே உண்டு. மானாவாரியில் விளையும் கொள்ளும் திரிபலா போன்ற எளிய மருந்துகளும் நடையும் உழைப்பும் பத்தியமும்தான் அந்த வைத்தியத்தின் சாரம். இந்த மரபைப் படிப்பாக்கிய பெருமை இதே ஆற்றங்கரைக்கு உண்டு. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கியது. மறு ஆண்டு ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. பொதிகையும் அகத்தியரும் சித்த வைத்தியமும் இங்கு ஒரே மூச்சில் சொல்லப்படுபவை. ஆகவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சித்த மரபின் பெயரில் பதினைந்தே நாளில் தொப்பை கரையும் என்று விற்கும் பொடிகளுக்கும் அந்த மரபுக்கும் சம்பந்தமில்லை. பத்தியம் இல்லாத சித்த வைத்தியம் கிடையாது.

பசியின் வரலாற்றைத் தாண்டி இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என்று 1877-இல் வைஸ்ராயின் பஞ்சப் பிரதிநிதியான ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். சில மாதங்களில் அளவை உயர்த்த வேண்டிவந்தது. அதற்குள் எலும்பும் தோலுமாக எத்தனையோ பேர் மடிந்திருந்தார்கள். நெல்லைச் சீமையிலிருந்து தூத்துக்குடி வழியாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனவர்களைத் துரத்தியதும் இந்தப் பசிதான்.

பட்ட பசி பட்டவரோடு முடிந்துவிடுவதில்லை. இதற்கான அறிவியல் புனேயில் உருவானது. அங்குள்ள கிராமத்துத் தாய்மார்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், அவர்களின் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடையில் பிறந்ததைக் கண்டார். இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடை குறைந்த நம் குழந்தைகளிடம் தசை குறைவாக இருந்தது; கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவிலேயே பஞ்சத்துக்குத் தயாரான உடல் அது. வளர்ந்த பிறகு தாராளமாகச் சோறு கிடைத்தால், அந்த உடல் அதைத் தசையாக்காமல் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாக்கி வைக்கிறது. 2004-இல் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தங்கள் உடல்களையே அளந்து லான்செட் இதழில் எழுதினார்கள். உயரத்துக்கு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்கு ஏன் சர்க்கரை நோய் வருகிறது என்பதை விளக்க இந்த ஒரு ஜோடி எண் போதும். இதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினால் அதிக எடை, உலகப் பொது அளவான 30-க்குப் பதில் 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடி வரையறுத்தார்கள்.

நெல்லையில் பசி 1877-ஓடு தீர்ந்துவிடவில்லை. முதலமைச்சர் காமராஜர் சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் கார் நின்றபோது மாடு மேய்த்த சிறுவர்களைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டதும், போனால் சோறு கிடைக்குமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டதும் தமிழ்நாட்டில் பலமுறை சொல்லப்பட்ட சம்பவம். ஆற்றுப்பாசனத்தின் நடுமையத்தில், இருபோகம் விளையும் ஊரில் இந்தக் கேள்வி பிறந்தது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. வயல் பக்கத்தில் இருந்தது. சோறு பக்கத்தில் இல்லை. 1956-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது.

சோறு எல்லோருக்கும் வந்து சேர்ந்த வேகம் வியப்புக்குரியது. 1937-இல் அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1960-களின் பிற்பாதியில் ஐ.ஆர். 8 நெல் ரகம் வந்தது. அம்பை நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16 என்ற குட்டை, குண்டு அரிசி ரகம் இந்த வட்டார வயல்களையும் இட்லிப் பானைகளையும் பிடித்துக்கொண்டது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி பேசுபொருளானது. 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் முதல் குடும்பத்துக்கு 20 கிலோ இலவசம். கம்பும் கேப்பையும் தின்ற கரிசல்காரருக்கும் தேரிக்காட்டுக்காரருக்கும் மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் தோசையும் கைக்கு எட்டின. இது வெற்றி. உடல் பருமனைப் பற்றிப் பேசும் சிலர் இலவச அரிசியைக் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பசியின் கொடுமை தெரிந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சிக்கல் அரிசி வந்ததில் இல்லை. அரிசி வந்தபோது அதன் தவிடும், கூட இருந்த பயறும், அதைச் செரிக்கவைத்த உழைப்பும் ஒரே நேரத்தில் போனதில்தான் சிக்கல்.

தவிடு போன கதைக்குள்ளும் ஆறு ஓடுகிறது. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நெல்லை வளர்த்த அதே தண்ணீர் மின்சாரமாகி அரைவை மில்களை ஓட்டியது. உரலும் உலக்கையும் ஓரம்போயின. மில் தீட்டிய அரிசி வெள்ளையாகவும் மிருதுவாகவும் இருந்தது, மரியாதையாகவும் பட்டது. அதில் என்ன குறைந்தது என்பதைக் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன் ஏற்கெனவே காட்டியிருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தபோது, கோதுமையும் பாலும் பயறும் காய்கறியும் தின்ற சீக்கிய எலிகள் சராசரியாக 235 கிராம் எடைக்கு வந்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் எலிகள் 155 கிராமில் நின்றன. அன்று கவலை வளர்ச்சிக் குறைவைப் பற்றியது. அதே அரிசி, உழைப்பு குறைந்த உடலுக்குள் அளவில்லாமல் போனபோது கவலை திசை மாறியது. குன்னூர் ஆய்வகம்தான் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய்ப் பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

இதில் பெண்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பருமனின் பாரம் அவர்கள் மேல்தான் அதிகம். நெல் குத்துவது, மாவு ஆட்டுவது, தண்ணீர் சுமப்பது, நாற்று நடுவது, களை பறிப்பது என்று ஒரு நெல்லைப் பெண்ணின் உடல் விடியலிலிருந்து ஓயாமல் இயங்கியது. அந்த வேலைகளின் கடுமையை யாரும் அழகுபடுத்தத் தேவையில்லை. அவை போனது விடுதலை. ஆனால் அவற்றுக்குப் பதிலாக வந்தது என்ன? முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், தென்காசி வட்டாரங்களில் பீடி வந்தது. முக்கூடலின் சொக்கலால் ராம் சேட் பீடி தமிழகமெங்கும் பேர் பெற்றது. லட்சக்கணக்கான பெண்கள் மடியில் சுளகை வைத்து, இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்காக எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வீட்டுத் திண்ணையிலேயே குனிந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்த காசு அது. அந்தப் பெண்ணிடம் போய், நடக்கவில்லையா, உடற்பயிற்சி செய்யவில்லையா என்று கேட்பது அறியாமை. எழுந்தால் கூலி குறையும். வயலிலும் நடவு இயந்திரமும் கதிர் அறுக்கும் இயந்திரமும் இறங்கிவிட்டன. பழைய வேலைக்குத் திரும்பவும் வழியில்லை.

கங்கைகொண்டானைப் போல இந்த மாற்றத்தை ஒரே இடத்தில் காட்டும் ஊர் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தன் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் கணக்கெடுக்கவைத்தார். 1918-இல் நூலாக வந்த அந்தக் கணக்கெடுப்பில் சிற்றாற்றங்கரைக் கங்கைகொண்டானும் ஒன்று. 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். இந்தியக் கிராமத்து வறுமையைப் புரிந்துகொள்ளப் பயன்பட்ட ஊர் அது. 2000-களில் அங்கே சிப்காட் தொழில் வளாகம் வந்தது. அந்த வளாகத்தில் கோக-கோலாவுக்காகக் குளிர்பானம் நிரப்பும் ஆலையும் வந்தது. பிறகு பெப்சிக்கான ஆலைக்கும் இடம் ஒதுக்கினார்கள். இந்த ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தருவதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து தமிழகத்து வணிகர் அமைப்புகள் இந்தப் பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. அந்தச் சண்டை முழுக்கத் தண்ணீரைப் பற்றியது, நியாயமான சண்டை. ஆனால் புட்டிக்குள் தண்ணீரோடு என்ன சேர்கிறது என்று பேசியவர்கள் குறைவு. 300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பனையேறியின் சர்க்கரை மரத்தில் ஏறி எரிந்தது. இந்தச் சர்க்கரை குளிரூட்டிய பெட்டியிலிருந்து நேரே இடுப்புக்குப் போகிறது.

பரோட்டாவையும் விட்டுவிட முடியாது. தவிடு நீக்கிய மைதாவும் எண்ணெயும் சேர்ந்த பண்டம் செங்கோட்டை எல்லையிலிருந்து தூத்துக்குடி வரை இராச் சாப்பாடாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு நாலு பரோட்டாவும் சால்னாவும் என்பது உழைப்பாளியின் மலிவான உணவாகத் தொடங்கி, உழைக்காதவரின் பழக்கமாகவும் முடிந்தது.

விளைவு எண்களில் தெரிகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பிஎம்ஐ 25-க்கு மேற்பட்ட பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-இலிருந்து 37 சதவீதமானார்கள். அதே கணக்கெடுப்பில் பெண்களில் எட்டில் ஒருவர் தேவைக்கும் குறைந்த எடையில் இருந்தார். ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 28.6 சதவீதத்தினருக்குப் பொதுவான பருமனும் 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பதாகக் காட்டியது. இதே ஆய்வின் 2025 அறிக்கை இந்தியர்களின் உணவில் ஏறத்தாழ 62 சதவீத கலோரி மாவுச்சத்திலிருந்தே வருவதாகச் சொன்னது. நம் இலையில் சோறு மலையாகவும் பருப்பும் கீரையும் மீனும் முட்டையும் ஓரமாகவும் கிடப்பதன் கணக்கு அது.

இவ்வளவுக்குப் பிறகும் பருமனை வாய்க்கட்டுப்பாடு இல்லாதவரின் குறையாகப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் என்ற சுரப்பைக் கண்டுபிடித்தபோதே அந்தப் பார்வை ஆட்டம்கண்டிருக்க வேண்டும். கொழுப்புத் திசு வெறும் மூட்டையல்ல. இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் உறுப்பு. எடை குறைந்தால் மூளை அதைப் பஞ்சமாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. பட்டினி கிடந்து பத்து கிலோ குறைத்தவர் அடுத்த தீபாவளிக்குள் பன்னிரண்டு கிலோ ஏறுவது மனவுறுதி இல்லாததால் அல்ல. மரபணு, தூக்கக் குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. மருத்துவரிடம் போகாமல் பத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இவை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

சிகிச்சையில் முதல் படி இன்னும் பழையதுதான், ஆனால் சாத்தியமானது. உடல் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கல்லீரல் கொழுப்பும் தெளிவாக இறங்குகின்றன. 80 கிலோ இருப்பவர் ஐந்தாறு கிலோ குறைத்தால் போதும். சினிமா நடிகரின் இடுப்பு தேவையில்லை. நெல்லைச் சமையலிலேயே இதற்கு வழி இருக்கிறது. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறும், தட்டாம்பயறும், கொள்ளுத் துவையலும், தூத்துக்குடி மீனும் இந்த மண்ணின் சாப்பாடுதான். அரிசியைப் பாதியாக்கி இவற்றை இரட்டிப்பாக்குவது புதுப் பழக்கமல்ல, தாத்தா பாட்டியின் இலைக்குத் திரும்புவது. ஒன்றில் மட்டும் ஏமாற வேண்டாம். சர்க்கரையை விட்டுக் கருப்பட்டிக்கு மாறினால் எடை குறையாது. உடன்குடிக் கருப்பட்டியின் மணமும் ருசியும் தனி. வயிற்றுக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான்.

2025-இல் புதிய ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. மார்ச்சில் டிர்செபடைடு, ஜூனில் எடை குறைப்புக்கான செமாகுளுடைடு. குடல் சுரப்புகளைப் போல நடந்து பசியை அடக்கும் மருந்துகள் இவை. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் செமாகுளுடைடு 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. இது பருமனும் ரத்த அழுத்தத்தைப் போல நீண்டகால நோய் என்பதைத்தான் காட்டுகிறது. மருத்துவர் பார்வையில், தேவையானவருக்கு இவை வரப்பிரசாதம். ஆனால் எடையோடு தசையும் கரையும். நம்மவர்களுக்கு ஏற்கெனவே தசை குறைவு என்பதால் புரதமும் உடற்பயிற்சியும் இல்லாமல் ஊசி மட்டும் போடுவது ஆபத்து. மிகத் தீவிரமான பருமனுக்கு இரைப்பை அறுவை சிகிச்சை இருக்கிறது. முறையாகத் தேர்ந்தவர்களுக்கு அது உயிர்காக்கும் சிகிச்சை. இவற்றின் விலை பீடி சுற்றும் பெண்ணின் கைக்கு எட்டுமா என்பதே இனி அரசின் முன்னுள்ள கேள்வி. பசிக்கு மதிய உணவு கண்ட மாநிலம் இதற்கும் ஒரு வழி காண வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதே திட்டப் பணியாளர்கள் ஓர் அளவுநாடாவையும் உணவு ஆலோசனையையும் கொண்டுவர முடியும்.

அந்த நாடாவுக்கு இன்றே வேலை கொடுக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் சுற்றி அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. எடை சரியாக இருந்தாலும் இந்த எல்லை தாண்டினால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டும் இலவசம். வீட்டில் பருமனான மகளோ மகனோ இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் அவர்களைக் கேலி செய்யாதீர்கள். கேலியால் எடை குறைந்த பிள்ளை யாரும் இல்லை.